இருபத்தாறாம் மனை

ஜூன் 3, புதன்

கடன் அனுமதிக் கடிதம் பீரோவில் இருக்கிறது. கடிதம்தான் இருக்கிறது, பணம் இல்லை. வீடு கட்டும் கடனை வங்கி ஒரே மூச்சில் கொடுத்துவிடாது என்று இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நம் கைக்காசில் அஸ்திவாரம் போட்டுத் தரைமட்டம் வரை எழுப்ப வேண்டும். அவர்கள் அனுப்பும் ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் முதல் தவணை. அப்புறம் ஜன்னல் உயரத்துக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று. முதல் தவணையை ஆகஸ்ட் பத்துக்குள் எடுக்காவிட்டால் கடிதம் செல்லாது.

கைக்காசு என்றால் என் நகையும் என் கணவருடைய லாரியும். போன மாதம் லாரியை விற்றுவிட்டு வந்தார். சாப்பிட்டார், படுத்தார். இப்போது ஒரு தேங்காய் மண்டிக்காரருக்கு வண்டி ஓட்டுகிறார். சொந்த லாரி இருந்தபோது காட்டிய வருமானத்தையும் சேர்த்துத்தான் இவ்வளவு கடன் தந்தார்கள். கடிதம் போய்விட்டால், ஒரு பள்ளிக்கூடக் கணக்கு டீச்சரின் சம்பளத்துக்கு மட்டும் யாரும் வீடு கட்டத் தரமாட்டார்கள். வாடகை வீட்டுக்காரரும் தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நாளை வாஸ்து நாளாம். இதை விட்டால் அடுத்தது ஆடியில். ஆடியில் புதிதாக ஆரம்பிக்க மேஸ்திரி ஆறுச்சாமி கடப்பாரையைத் தொடமாட்டார். சரி, நாளையே ஆகட்டும் என்றேன். ராத்திரி இவர் ஆரம்பித்தார். "வாணி, பூசைக்கு எட்டுப் பேரு வாராங்க. எட்டு வேண்டாம். இன்னொருத்தரச் சேத்திக்கலாம்."

"எட்டுன்னா எட்டுத்தானுங்க. எட்டப் பாத்து ஓடறதுக்கு அது என்ன போலீஸா?"

சிரித்துக்கொண்டே போய்ப் பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டுவிட்டு வந்தார்.

ஜூன் 4, வியாழன்

பூஜை முடிந்தது. எழுதிவைக்க வேண்டிய அளவுக்குக் கூத்து.

வாஸ்து நேரம் அரை மணிதான். இன்ஜினியர் பல்லடம் ரோட்டில் மாட்டிக்கொண்டார். மனைப்பிரிவின் வரைபடம் அவரிடம். என்னிடம் இருந்த ஜெராக்ஸில் எண்களெல்லாம் நசுங்கிய எறும்புகள் போல இருந்தன. மனைக்கு மனை நட்டிருந்த எண் கற்களை யாரோ துணி துவைக்கப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கல்தான் மிச்சம், இருபத்து நாலு. இன்ஜினியர் போனில், "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க டீச்சர்" என்றார். பூசாரி வானத்தைப் பார்க்கிறார், ஆறுச்சாமி என்னைப் பார்க்கிறார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நமது மனை இருபத்தேழு. இருபத்து நாலு கண்ணெதிரே. இதற்கு இன்ஜினியர் எதற்கு? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு. எல்லாம் ஒரே அகலம், வேலிக் கம்பி போன தடம் தெரிகிறது. "இதுதான், தோண்டுங்க" என்றேன்.

இவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அந்த வேலாமரம் நம்ம சைட்டுக்குள்ளயல்ல இருந்துச்சு? வாங்கறப்ப அதுக்கடில உக்காந்துதான சோறு தின்னோம்." மரம் பக்கத்து மனையில் நின்றது. "மரம் நகராதுங்க, மனுசன் ஞாபகம்தான் நகரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஈசானிய மூலையில் குழி. நவதானியம், பஞ்சலோகம், என் பெயர், என் நட்சத்திரம். பத்திரம் என் பெயரில் அல்லவா. நேரத்துக்குள் முடித்துவிட்டோம். பிறகு வந்த இன்ஜினியர் வரைபடத்தைப் பிரிக்காமலே குழியிலிருந்து டேப் பிடித்தார். முப்பதுக்கு நாற்பது, ஒரு அங்குலம் பிசகவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

கடைக்காலுக்குக் கல் கட்டி முடிகிறது. காற்று வாரித் தூற்றுகிறது. உடுமலையில் இந்த மாதம் சோறும் மண்ணும் சேர்ந்துதான் சாப்பாடு.

ஜன்னலுக்கு ஒரு சண்டை. இன்ஜினியர் வரைந்தது ஏழு. "ஒத்தப்படைல ஜன்னல் வெக்கறதில்லீங்க டீச்சர், ஆறு வெச்சுக்கலாமுங்க" என்கிறார் ஆறுச்சாமி. ஏழுதான் என்று சொல்லிவிட்டேன். இவருக்கு மேற்குச் சுவரில், மரத்தைப் பார்த்த மாதிரி, ஒரு ஜன்னல் வேண்டுமாம். பக்கத்து மனைக்காரர் நாளைக்கே சுவர் எழுப்புவார், அப்புறம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறார். அடுத்தவர் மனை, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். 

ஜூலை 10, வெள்ளி

தரைமட்டம் வந்துவிட்டது. கிராவல் கொட்டி நிரவியாயிற்று. நகையும் லாரியும் முழுசாக மண்ணுக்குள். வங்கியில் முதல் தவணைக்கு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அம்மாள் தஞ்சாவூர்க்காரர், கறாரானவர், ஆனால் நேரானவர். செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் வருவார் என்றார்.

ஜூலை 14, செவ்வாய்

வந்தார். சின்ன வயது. கடன் அனுமதிக்கு முன்னால் வந்தவர் வண்டியை விட்டு இறங்காமலே போட்டோ எடுத்துக்கொண்டு போனார். இந்தப் பையன் அப்படியில்லை. வரைபடத்தை விரித்து, நான்கு பக்கமும் யார் யார் மனை என்று சரிபார்த்துக்கொண்டே நடந்தான். இருபத்து நாலாம் கல்லிலிருந்து இரண்டு முறை நடந்தான்.

"டீச்சர், நீங்க எப்படிங்க எண்ணுனீங்க?"

சொன்னேன்.

"இருபத்தாறுன்னு ஒரு மனையே இல்லீங்களே."

வரைபடத்தைக் காட்டினான். ஏழுக்குப் பிறகு ஒன்பது. பதினாறுக்குப் பிறகு பதினெட்டு. இருபத்தைந்துக்குப் பிறகு இருபத்தேழு. "கூட்டுனா எட்டு வருதுல்லீங்க. யாரும் வாங்கமாட்டாங்கன்னு மனை போடறவங்க அந்த நம்பரையே விட்ருவாங்க. நெறயப் பக்கம் இப்படித்தானுங்க."

நான் கட்டியிருப்பது இருபத்தெட்டில். எனது மனை பக்கத்தில் சும்மா கிடக்கிறது, வேலாமரத்தோடு.

அறிக்கையை இரண்டு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். என் வயதில் பாதி இருக்கும் பையனிடம் கெஞ்சினேன். "எழுதறத மாத்தி எழுத முடியாதுங்க. மறுபடி ஒருக்கா வந்து பாக்கறேன்னு வேணா சொல்றேன்" என்று போனான். ஆறுச்சாமி தூரத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

எண்ணியதில் பிழை இல்லை. எண்கள் வரிசையாக இருக்கும் என்று நம்பியது எப்படிப் பிழையாகும்?

ஜூலை 15, புதன்

ஆறாம் வகுப்பு. முழு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தொடரி, அதாவது அடுத்த எண், உண்டு என்று போர்டில் எழுதினேன்.

ஜூலை 16, வியாழன்

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மனை விற்றவரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இப்போது பேக்கரி. இ-சேவை மையத்தில் இருபத்தெட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தி, பெதப்பம்பட்டி. பெயரைப் பார்த்ததும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான் காரணம், காலையில் சாப்பிடவும் இல்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. பேச நேரம் கிடைக்கவில்லை. நேற்றும் முந்தாநாளும் வீட்டில்தான் இருந்தார், அது வேறு விஷயம்.

ஜூலை 18, சனி

நேற்று ஆடி பிறந்துவிட்டது.

சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். வரைபடம், எட்டு, இருபத்தாறு, எல்லாம். கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான் வாணி."

"அன்னைக்கேன்னா?"

"பூசையன்னைக்கு. மரத்தப் பாத்ததும்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. லாரியை விற்ற பணம் ஒவ்வொரு கல்லாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றரை மாதம் வாயைத் திறக்காமல் ஒரு மனிதன் இருப்பானா? அப்படியே கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன். அதை எழுத வேண்டாம்.

"சொன்னேனே. நீ எண்ணிப்போட்டயே. நீ கணக்கு டீச்சரு, நான் எட்டாங்கிளாஸு. எனக்குத்தான் ஞாபகம் தப்புதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் போய் உக்காந்து பாத்தேன். அந்த மரந்தானா, வேற மரமான்னு."

வெளியே போய்விட்டார். நான் தோசை ஊற்றினேன். நான்கு தோசையும் கருகிவிட்டது, கல் சரியில்லை.

ஜூலை 19, ஞாயிறு

ஈஸ்வரமூர்த்தியை இவருக்குத் தெரியும். கயிறு மில் வைத்திருக்கிறார், மட்டை லோடு ஏற்றிப் போன பழக்கமாம். நான் எழுந்திருப்பதற்கு முன்பே பெதப்பம்பட்டிக்குப் போய்விட்டு வந்துவிட்டார். புதன்கிழமை மனைக்கு வருகிறார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நெறயப் பேசுனாரு" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 22, புதன்

பயமாக இருந்தது. எழுதியே வைக்கிறேன், பயமாகத்தான் இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி காரை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். அடுத்தவன் மண்ணில் கடைக்கால் எழுப்புவது எந்த ஊர் நியாயம், கல் மண் எல்லாம் அள்ளிக்கொண்டு ஆடி முடிவதற்குள் இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷன். இவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "தப்புத்தானுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கு வாதாடத் தோன்றியது. இரண்டு மனையும் ஒரே அளவு, ஒரே ரோடு, மாற்றிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? சொன்னேன். "டீச்சர், எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றார்.

அவர் மனைவி ருக்குமணி அதுவரை கடைக்காலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஈசானிய மூலையில் நின்றார்.

"பூச போட்டீங்களா?"

"போட்டோமுங்க அக்கா."

"ஆரு பேருல?"

"என் பேருல."

"குழிக்குள்ள என்ன போட்டீங்க?"

சொன்னேன். அவர் கணவரைப் பார்த்துத் திரும்பினார். "இவங்க பேரச் சொல்லிச் சங்கல்பம் பண்ணி, பஞ்சலோகமும் உள்ள போயிருச்சு. இனிமே கல்ல அள்ளி என்ன, மண்ண அள்ளி என்ன? இந்த மண்ணுல நான் அடுப்புப் பத்த வெக்கமாட்டனுங்க. நமக்கு அந்தப் பக்கத்துச் சைட்டே இருக்கட்டும்."

ஈஸ்வரமூர்த்தி கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு மனைக்கு மனை மாற்றிப் பரிவர்த்தனைப் பத்திரம், செலவு முழுக்க எங்களுடையது என்று முடிவாயிற்று. மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது. "ஆடில நாங்க பத்திரம் எழுதறதில்ல. ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி பிறப்பது ஆகஸ்ட் பதினேழு. கடிதம் சாவது ஆகஸ்ட் பத்து.

வாஸ்துவைக் கேலி செய்த நான், பஞ்சாங்கத்தை நேற்றே புரட்டிவைத்திருந்தேன். "அக்கா, பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானுங்களே. அன்னைக்கு நகை வாங்கறாங்க, தாலி மாத்தறாங்க. பதினெட்டு, கூட்டுனா ஒம்பது. உங்களுக்கு வர்ற மனை இருபத்தேழு. அதுவும் ஒம்பதுங்க." இதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன். ருக்குமணி தலையாட்டினார்.

கிளம்பும்போது இவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த வேலாமரத்த மட்டும் வெட்டிப்போடாதீங்கக்கா." எல்லையோரமாகத்தானே நிற்கிறது, ஆட்டுக்குக் காயாவது உதிரும், இருக்கட்டும் என்றார் ருக்குமணி.

ஜூலை 24, வெள்ளி

வங்கி. இருவரும் போனோம். எங்கள் மூலப் பத்திரம் அங்கே அடமானத்தில் இருக்கிறது. கடனை முடிக்காமல் வெளியே தரமாட்டார்கள். பத்திரம் இல்லாமல் மாற்றி எழுத முடியாது. மாற்றி எழுதாமல் கடன் இல்லை. மேலாளர் அம்மாள் ஃபைலை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"ஒரு வழி இருக்கு. எங்க ஆள் பத்திரத்தோட ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வருவார். முடிஞ்ச கையோட புதுப் பத்திரத்த அவர்ட்டயே கொடுத்துடணும். ஆனா மேலிடத்துக்கு நான் சொல்லணும். எப்படி ஆச்சு இது? யார் எண்ணினது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தானுங்க மேடம்" என்றார் இவர். "படிப்பில்லாத ஆளுங்க. அவசரத்துல தப்பா எண்ணிப்போட்டேன். டீச்சரு பள்ளிக்கூடத்துல இருந்து வாரதுக்குள்ள பூசைக்கு நேரமாயிருச்சு."

மேலாளர் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். முழு டம்ளரையும் குடித்தேன்.

"பரவால்ல, டீச்சர் பேருல இருக்கற கடன். அவங்க பொறுப்பானவங்கன்னு எழுதறேன்" என்றார்.

பைக்கில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள். பதினெட்டாம் பெருக்கு

காலையில் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. பெருக்கு நாள் என்று ஊரே பத்திரம் எழுத வந்திருந்தது. எங்களைக் கூப்பிட்டபோது எமகண்டம். ஈஸ்வரமூர்த்தி நாற்காலியை விட்டு எழவில்லை. டோக்கன் போய்விட்டது. எமகண்டம் முடிந்தது, சர்வர் படுத்துவிட்டது. வங்கி ஆள் பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு மணிக்கு மேல் இருக்கமாட்டேன் என்று மூன்று முறை சொன்னார். ருக்குமணி கட்டிவந்த தேங்காய்ச் சாதத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார். என் பங்கையும் வங்கி ஆளிடமே தள்ளினேன்.

காத்திருந்த நேரத்தில் பத்திர எழுத்தர் கேட்டார். "அடுத்த சைட்டுல கட்டுன ஆளு ஆருங்க?" ஈஸ்வரமூர்த்தி இவரைக் காட்டினார். "இவருதான். மூணு வரைக்கும் எண்ணத் தெரியாது. ஊட்டுக்காரம்மா கணக்கு டீச்சரு." பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. இவரும் சிரித்தார். பூஜையன்று சிரித்த அதே சிரிப்பு. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை.

சர்வர் வந்தது. கைரேகை, போட்டோ, கையெழுத்து. வங்கி ஆள் கிளம்பி வாசல் வரை போய்விட்டார். இவர் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முடிந்தது.

இனி நான் கட்டியிருப்பது என் மண்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மதிப்பீட்டாளர் நேற்று மறுபடி வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். முதல் தவணை இன்று வரவானது. பள்ளிக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

கதை பள்ளிவரை வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் பி.டி. மாஸ்டர், "டீச்சர், ராத்திரி சாருக்கு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக் கொடுங்க" என்றார். எல்லோரும் என்னையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.

தேங்காய் மண்டியிலும் இதே பேச்சாம். லோடு எண்ணும் வேலையை இவரிடமிருந்து வாங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர் சொல்லவில்லை. சந்தையில் பார்த்த மண்டிக்காரர் மனைவி சொன்னாள். லாரி ஓட்டிய இருபது வருடமும் ஒரு காய் பிசகாமல் எண்ணி ஏற்றியவர்.

வீட்டுக்கு வந்து, இதை எப்படியாவது பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது, உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 6, ஞாயிறு

சுவர் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. ஜன்னல் சட்டங்கள் நிற்கின்றன. காற்று குறைந்திருக்கிறது. வேலை நடக்கும் நாள் என்று சோறு கட்டிக்கொண்டு போனேன். இவர் மரத்தடியில் இல்லை. அது இப்போது அடுத்தவர் மரம் என்பதாலோ என்னவோ, மணல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு மூடிக் கட்டியிருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"மேஸ்திரி, இந்த எடத்துல பிரிச்சு ஒரு ஜன்னல் வெக்கோணும்."

"கட்டுனதயாங்க டீச்சர்?"

"ஆமா. மரத்துக்கு நேரா."

ஆறுச்சாமி கரண்டியைச் சுவர் மேல் வைத்தார். "வெச்சுப்போடலாமுங்க. ஒத்தப்படையும் போயிரும். ஆனா எத்தன வருதுன்னு பாத்துக்கோணுமுங்க. சித்த எண்ணிச் சொல்லுங்க டீச்சர்."

கல் தூக்கும் பெண்கள், கலவை போடுகிறவர்கள், எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோருக்கும் கதை தெரியும்.

"நான் எண்ணலீங்க. அவரு எண்ணட்டும்" என்றேன். "எண்ணறதுக்கு எங்கூட்டுல அவருதான் சரி."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் அவளையே பார்த்தேன், வகுப்பில் பார்ப்பதைப் போல. சிரிப்பு நின்றுவிட்டது.

இவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சட்டமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். சத்தமாகத்தான் எண்ணினார். கூடத்தில் மூன்று, அறையில் இரண்டு, அடுப்படியில் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று. ஏழு. மேற்குச் சுவருக்கு வந்து, இன்னும் இல்லாத ஜன்னலின் மேல் கையை வைத்தார்.

"எட்டுங்க" என்றார்.

ஆறுச்சாமி தயங்கினார். "எட்டுங்களா…"

"எட்டுன்னா எட்டுத்தான்" என்றார் இவர்.

ஆறுச்சாமி மறுபேச்சில்லாமல் நூலை எடுத்து அளவு பிடித்தார். முதல் செங்கல்லை இவரே பிரித்தார்.